வேர்ட்பிரஸ் அப்டேட்: எது மாறும், எது மாறாது

மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் பெரியவர் ஒருவருக்கு, வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் ஓடும் சின்னத் தளம் ஒன்று இருக்கிறது. தேன், தேன்மெழுகு, தேனீப் பெட்டி மூன்றும் அதில் விற்பனைக்கு. ஆர்டர் வந்தால் அவர் ஃபோனுக்குச் செய்தி போகும். தளத்தை அமைத்துக் கொடுத்த மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். அதன்பிறகு யாரும் உள்ளே போகவில்லை. நான் போய் லாகின் செய்தபோது இடது ஓரத்தில் சிவப்பு வட்டத்துக்குள் 11 என்று இருந்தது. பதினொரு அப்டேட் காத்துக் கிடக்கிறது என்று அர்த்தம்.

"அண்ணாச்சி, இத குடுத்துரலாமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் மக்களே. ஓடுற வண்டிய எதுக்கு அவிழ்க்கணும்? முன்ன ஒருக்க அவ அமுக்கினா, முகப்புல இருந்த படமெல்லாம் இடம் மாறிப் போச்சு. ரெண்டு நாள் ஒரு ஆர்டர் வரல்ல."

இந்தப் பயம் நியாயமானது. தளம் வைத்திருக்கும் பலரும் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தும் பார்க்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம். அந்தப் பொத்தானை அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் பயத்தில் முக்கால்வாசி போய்விடும். அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

அவருக்கு விளக்க அவருடைய தேனீப் பெட்டியையே எடுத்துக்கொண்டேன். பெட்டி உளுத்துப் போனால் அவர் என்ன செய்வார்? புதுப் பெட்டியைப் பக்கத்தில் வைத்து, சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அதில் இறக்குவார். அடையும் தேனீயும் முட்டையும் சட்டத்தோடு போய்விடும். பெட்டி எந்தத் தச்சரிடமும் கிடைக்கும். கூட்டம் அவர் வளர்த்தது, அது கடையில் கிடைக்காது. வேர்ட்பிரஸ் தளத்திலும் இப்படி இரண்டு வகைப் பொருள் இருக்கிறது. யாரோ எழுதி நமக்குக் கொடுத்தது ஒன்று, நாம் சேர்த்தது இன்னொன்று. அப்டேட் என்பது முதல் வகையை மட்டும் மாற்றும் வேலை.

யாரோ கொடுத்ததில் மூன்று உண்டு. முதலாவது வேர்ட்பிரஸ் என்ற மூல மென்பொருள். மாட் மல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் பி2 என்ற பழைய மென்பொருளிலிருந்து கிளை பிரித்து 2003 மே 27 அன்று இதன் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். இரண்டாவது தீம், தளத்தின் தோற்றம் அதனுடையது. மூன்றாவது ப்ளகின், தமிழில் செருகுநிரல் என்பார்கள். விசாரணைப் படிவம், பணம் வாங்கும் வசதி, அறை முன்பதிவு என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ப்ளகின். இந்த மூன்றையும் எழுதுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒருவர் வேலை செய்யும் வேகம் இன்னொருவருக்கு இருக்காது. அப்டேட்டில் வருகிற சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

நாம் சேர்த்தது எங்கே இருக்கிறது? எழுதிய பதிவுகள், பொருள் விவரம், விலை, வந்த ஆர்டர்கள், அமைப்புகள் எல்லாம் டேட்டாபேஸில், அதாவது தகவல்களை அட்டவணைகளாகச் சேமித்து வைக்கும் இடத்தில். ஏற்றிய புகைப்படங்கள் 'டபிள்யூபி-கன்டென்ட்' என்ற ஃபோல்டருக்குள் 'அப்லோட்ஸ்' என்ற ஃபோல்டரில், வருடம் மாதம் வாரியாக. டேட்டாபேஸின் பெயரும் பாஸ்வேர்டும் 'டபிள்யூபி-கான்ஃபிக்' என்ற ஒரே கோப்பில். இவைதான் தேனீக் கூட்டம்.

இப்போது ஒரு ப்ளகினுக்கு அப்டேட் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தளம் இருக்கும் சர்வர் என்ற கணினி, வேர்ட்பிரஸ்.ஆர்க் என்ற பொதுத் தளத்திலிருந்து புதுப் பதிப்பை ஒரு சிப் கோப்பாக இறக்குகிறது. இது சர்வருக்கும் சர்வருக்கும் நடக்கும் பரிமாற்றம், உங்கள் ஃபோன் டேட்டா செலவாவதில்லை. ஒரு தற்காலிக ஃபோல்டரில் அதைப் பிரித்து வைக்கிறது. பிறகு பழைய ப்ளகினின் ஃபோல்டரை முழுசாக அகற்றிவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்கிறது. தீமுக்கும் இதே கதைதான். மூல மென்பொருளுக்கு என்றால் அதற்கே உரிய இரண்டு பெரிய ஃபோல்டர்களும் வெளியே கிடக்கும் சில கோப்புகளும் மாறும். உங்கள் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் தொடாது, பாஸ்வேர்டு கோப்பையும் தொடாது. சில பெரிய பதிப்புகளுக்குப் பிறகு டேட்டாபேஸையும் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு பொத்தான் வரும். அதை அமுக்கினால் அட்டவணைகளின் அமைப்பு திருத்தப்படும். நீங்கள் எழுதியது அழியாது.

பழைய ஃபோல்டர் முழுசாகப் போய்விடும் என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். புதிதாகத் தளம் நடத்துகிறவர்கள் அடிபடுவது இங்கேதான். நானும் அடிபட்டிருக்கிறேன்.

கன்னியாகுமரியில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஆறு அறை கொண்ட தங்கும் விடுதி ஒன்றுக்குத் தளம் செய்து கொடுத்திருந்தேன். எல்லாப் பக்கத்தின் உச்சியிலும் ஃபோன் நம்பர் வர வேண்டும், தமிழ் எழுத்து கொஞ்சம் பெரிதாக, தடிமனாகத் தெரிய வேண்டும் என்றார்கள். தீமின் கோப்பையே திறந்து இரண்டையும் எழுதிச் சேர்த்தேன். நன்றாக இருந்தது. நான்கு மாதம் கழித்து தீமுக்கு அப்டேட் வந்தது, கொடுத்தேன். சபரிமலை சீசன் நேரம் அது. ஐயப்ப பக்தர்கள் திரும்புகிற வழியில் குமரிக்கு வந்து தங்குவார்கள், விடுதிக்கு வருமானம் வருகிற மாதங்கள். மூன்று நாள் கழித்து உரிமையாளர் கூப்பிட்டார். "தம்பி, ஃபோனே வர மாட்டேங்குதே, நம்பர் எங்க போச்சு?" நான் சேர்த்த வரிகள் பழைய ஃபோல்டரோடு போயிருந்தன. இன்னொருவர் பெட்டிக்குள் நான் என் சாமானை வைத்தேன், பெட்டியை மாற்றியபோது அது போனது. அந்த மூன்று நாள் நஷ்டம் என்னால் வந்தது.

இதற்குச் சரியான வழி சைல்டு தீம். பெயருக்கு ஏற்ற மாதிரி, மூல தீமுக்குப் பிள்ளை. தனி ஃபோல்டர், அதில் ஒரு ஸ்டைல் கோப்பு, அந்தக் கோப்பின் தலைப்பில் தாய் தீமின் ஃபோல்டர் பெயரைச் சொல்லும் ஒரு வரி. அவ்வளவு போதும் ஆரம்பிக்க. தாய் தீமில் எந்தப் பக்க அமைப்புக் கோப்பை (டெம்ப்ளேட்) மாற்ற விரும்புகிறோமோ அதன் பிரதியை மட்டும் பிள்ளையின் ஃபோல்டரில் வைத்து அங்கே திருத்துவோம். வேர்ட்பிரஸ் முதலில் பிள்ளையிடம் கேட்கும், அங்கே இல்லாவிட்டால் தாயிடம் போகும். அப்டேட் வரும்போது தாயின் ஃபோல்டர் மட்டும் மாறும். எழுத்தின் அளவு, நிறம் போன்ற சின்னத் திருத்தங்களுக்கு இதுகூட வேண்டாம். தோற்றத்தை மாற்றும் கஸ்டமைசர் பக்கத்தில் கூடுதல் சிஎஸ்எஸ் (எழுத்து, நிறம் போன்றவை எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் குறிமுறை) எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதுவது டேட்டாபேஸில் சேமிக்கப்படும், தீமை அப்டேட் செய்தாலும் நிற்கும். பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கும் புதிய பிளாக் தீம்களில், சைட் எடிட்டர் என்ற திருத்தும் திரை வழியாகச் செய்யும் மாற்றங்களும் டேட்டாபேஸில்தான் சேரும். தீமின் கோப்பை நேராகத் திறந்து எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ப்ளகின் கோப்புக்கும் இதே பேச்சுதான்.

சரி, இவ்வளவு கவனம் வேண்டும் என்றால் அப்டேட்டே கொடுக்காமல் இருந்தால் என்ன?

2017 ஜனவரி 26 அன்று வேர்ட்பிரஸ் 4.7.2 வெளிவந்தது. அதற்கு முந்தைய 4.7, 4.7.1 இரண்டிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. லாகின் செய்யாமலே வெளியாள் யாரும் அடுத்தவர் பதிவைத் திருத்தலாம். இதை முதலிலேயே சொன்னால் திருடர்களுக்கு வழி காட்டிய மாதிரி ஆகும் என்று, அப்டேட்டை மட்டும் வெளியிட்டுவிட்டு ஓட்டையைப் பற்றி ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. பிப்ரவரி 1 அன்று சொன்னார்கள். அடுத்த சில நாட்களில், அப்டேட் கொடுக்காத தளங்களில் லட்சக்கணக்கான பக்கங்களின் மேல் யார் யாரோ எழுதிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு வாரத்தில் அப்டேட் ஏறிய தளங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ப்ளகினுக்கும் ஒரு உதாரணம் உண்டு. 2020 செப்டம்பரில், ஏழு லட்சம் தளங்களுக்கு மேல் நிறுவியிருந்த ஃபைல் மேனேஜர் ப்ளகின் ஒன்றில், யார் வேண்டுமானாலும் சர்வரில் தங்கள் கோப்பை ஏற்றிவிடக் கூடிய ஓட்டை வெளியே வந்தது. 6.9 பதிப்பில் அடைத்தார்கள். அதற்கு முன்பே தாக்குதல் தொடங்கியிருந்தது.

ஓட்டை அடைக்கப்பட்ட பிறகுதான் பழைய பதிப்புக்கு ஆபத்து கூடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. புதுப் பதிப்பையும் பழைய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வரி மாறியிருக்கிறது, எங்கே ஓட்டை இருந்தது என்று தெரிந்துவிடும். பிறகு ஒரு நிரலை எழுதி, அந்தப் பழைய பதிப்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் தட்டிப் பார்க்க விடுகிறார்கள். "மார்த்தாண்டத்துல தேன் விக்கிற நம்ம சைட்ட எவன் மக்களே தேடி வரப் போறான்?" என்று அண்ணாச்சி கேட்டார். தட்டுகிற நிரலுக்குத் தேன் கடையும் தெரியாது, பெரிய கம்பெனியும் தெரியாது. திறந்திருக்கும் கதவு மட்டும்தான் தெரியும். உள்ளே வந்தால் உங்கள் சர்வரிலிருந்து ஊருக்கெல்லாம் குப்பை மின்னஞ்சல் அனுப்புவார்கள், தேன் வாங்க வந்தவரைச் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பிவிடுவார்கள்.

இது அவருக்கு உடனே பிடிபட்டது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற தேனீ வைரஸ் நோய் தென்னிந்தியாவுக்குள் வந்து, நம் ஊர்த் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. மாவட்டத்தில் தேனீ வளர்த்த குடும்பங்கள் பல அப்போது தொழிலையே விட்டன. "புழு பைக்குள்ள தண்ணி கட்டின மாதிரி கிடக்கும், ஒரு பெட்டியில வந்தா அடுத்தடுத்துப் போகும்" என்று கையை விரித்துக் காட்டினார். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியையும் அவர் திறந்து பார்க்காமல் வாரக்கணக்கில் விட்டதில்லை.

அப்டேட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது பேக்கப், அதாவது தளத்தைப் பிரதி எடுத்து வைப்பது. இதில் பலர் பாதியை மட்டும் எடுக்கிறார்கள். கோப்புகளும் வேண்டும், டேட்டாபேஸும் வேண்டும். கோப்பு மட்டும் இருந்தால் படம் இருக்கும், எழுத்து இருக்காது. டேட்டாபேஸ் மட்டும் இருந்தால் எழுத்து இருக்கும், படம் இருக்காது. பேக்கப் ப்ளகின்கள் இரண்டையும் சேர்த்து எடுத்துத் தரும், சர்வரில் இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் கணக்கின் பேனலிலும் வழி இருக்கும். எடுத்ததை அதே சர்வரில் விட்டுவைக்காதீர்கள். சர்வருக்கு ஏதாவது ஆனால் தளமும் பேக்கப்பும் சேர்ந்து போகும். கூகுள் டிரைவிலோ வீட்டுக் கணினியிலோ ஒரு பிரதி இருக்கட்டும். அந்தப் பிரதியை ஒரு முறையாவது வேறு இடத்தில் நிறுவிப் பாருங்கள். சுருங்கிய கோப்பு பாதியில் அறுந்து கிடப்பது, திரும்ப நிறுவும்போதுதான் தெரியவரும். பல ஹோஸ்டிங்கில் ஸ்டேஜிங் என்று தளத்தின் நகல் ஒன்றை உருவாக்கும் வசதி இருக்கிறது. இருந்தால் அப்டேட்டை முதலில் அங்கே கொடுத்துப் பாருங்கள்.

நேரமும் முக்கியம். கிழக்குக் கரையில் சின்னமுட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு கணக்கு. விசைப்படகுக்காரர்கள் அந்தந்த அறுபத்தொரு நாளில் படகைக் கரையேற்றிப் பலகை பார்த்து, பெயின்ட் அடித்து, எஞ்சின் வேலை முடிக்கிறார்கள். தளத்துக்கும் இப்படித் தனித்தனியாக ஒரு ஓய்ந்த நேரம் உண்டு. விடுதிக்கு சபரிமலை சீசனும் சித்ரா பௌர்ணமியும் நெருக்கடி. தேன்காரருக்கு ரப்பர் தோட்டங்களில் தளிர் விட்டுத் தேன் இறங்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்கள். பெரிய அப்டேட்டை அந்த நாட்களில் கொடுக்க வேண்டாம். வாரத்தில் ஒரு செவ்வாயோ புதனோ, காலையிலேயே, பிழை வந்தால் சரிசெய்ய உங்களுக்கு முழு நாளும் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அப்டேட் மட்டும் இதற்கு விலக்கு. அது வந்தால் சீசன் பார்க்கக் கூடாது.

எது பாதுகாப்பு அப்டேட், எது பெரியது என்று எண்ணைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். வேர்ட்பிரஸில் 6.5 என்பதிலிருந்து 6.6 போவது பெரிய மாற்றம், புது வசதிகள் வரும். 6.6 என்பதிலிருந்து 6.6.1 போவது பிழை திருத்தம், பாதுகாப்பு. இந்த மூன்றாம் எண் அப்டேட்டை 2013இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாகவே ஏற்றிக்கொள்கிறது. அதை நிறுத்தி வைக்காதீர்கள். ப்ளகினுக்கும் தீமுக்கும் தானியங்கி அப்டேட் வசதி 2020இல் 5.5 பதிப்போடு வந்தது, நாம்தான் ஒவ்வொன்றுக்கும் இயக்க வேண்டும். படிவம், எஸ்இஓ (தேடலில் தளம் தெரிய உதவுவது), கேஷ் (பக்கத்தின் நகலைச் சேமித்து வேகமாகக் காட்டுவது) போன்றவற்றுக்கு நான் இயக்கி வைக்கிறேன். பணம் வாங்குவதற்கும் அறைப் பதிவுக்கும் இயக்குவதில்லை. அவற்றின் மாற்றக் குறிப்பைப் படித்துவிட்டு, பக்கத்தில் இருந்து கையால் கொடுக்கிறேன்.

கையால் கொடுக்கும்போது எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து மொத்தமாக அமுக்காதீர்கள். பதினொன்றும் ஒன்றாக மாறி தளம் நின்றுபோனால் எதனால் நின்றது என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போகும். ஒரு ப்ளகின், உடனே தளத்தைத் திறந்து பார்ப்பது, அடுத்த ப்ளகின். நான் ப்ளகின்களை முதலில் முடித்து, பிறகு தீம், கடைசியாகத்தான் பெரிய வேர்ட்பிரஸ் பதிப்பு என்று போவேன். ப்ளகின் எழுதுகிறவர்கள் வரப்போகும் பதிப்புக்கு ஏற்ற திருத்தத்தைப் பெரும்பாலும் முன்னதாகவே வெளியிட்டுவிடுகிறார்கள். பார்க்கும்போது முகப்பை மட்டும் பார்த்து எழுந்துவிடக் கூடாது. படிவத்தை நிரப்பி அனுப்பி, அது மின்னஞ்சலுக்கு வருகிறதா என்று பாருங்கள். சின்னத் தொகைக்கு ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். கேஷை அழித்துவிட்டு, லாகின் செய்யாத இன்னொரு ஃபோனில் திறந்து பாருங்கள். வாடிக்கையாளர் பார்க்கப்போவது அந்தத் திரையைத்தான்.

ஏதாவது உடைந்தால்? தளத்தைத் திறந்ததும், பராமரிப்பு நடக்கிறது, ஒரு நிமிடத்தில் வாருங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி மட்டும் தெரிந்து, சில நிமிடமாகியும் போகவில்லை என்றால் அப்டேட் பாதியில் நின்றிருக்கிறது. அப்டேட் தொடங்கும்போது வேர்ட்பிரஸ் 'மெயின்டனன்ஸ்' என்று ஒரு சின்னக் கோப்பை வைக்கும், முடிந்ததும் தானே அழிக்கும். அது அழியாமல் கிடக்கிறது. சர்வரில் இருக்கும் கோப்புகளைக் காட்டும் ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் போய், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியோடு இருக்கும் அந்தக் கோப்பை நீக்கினால் தளம் திரும்பிவிடும். புள்ளியில் தொடங்கும் கோப்புகள் சாதாரணமாக மறைந்திருக்கும், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்ல வேண்டும்.

தளம் வெள்ளையாக நின்றாலோ பெரும்பிழை என்று ஒரு செய்தி வந்தாலோ, நிர்வாகியின் மின்னஞ்சலைப் பாருங்கள். 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, எந்த ப்ளகின் பிழை செய்கிறது என்று சொல்லி, உள்ளே நுழைய ஒரு தனி இணைப்பும் அனுப்புகிறது வேர்ட்பிரஸ். அண்ணாச்சியின் தளத்தில் அந்த இடத்தில் மகளுடைய பழைய கல்லூரி முகவரி இருந்தது. அது இப்போது இயங்கவே இல்லை. முதல் வேலையாக அதை மாற்றினோம். உங்கள் தளத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மின்னஞ்சல் வரவில்லை என்றாலும் வழி இருக்கிறது. ஃபைல் மேனேஜரில் அந்த ப்ளகினின் ஃபோல்டர் பெயரோடு ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டால் வேர்ட்பிரஸுக்கு அது கிடைக்காமல் போய், தானாக அணைந்துவிடும். தளம் எழுந்ததும் நிதானமாகப் பழைய பதிப்பைத் திரும்ப வைக்கலாம்.

அடியில் பிஎச்பி என்று ஒன்று இருக்கிறது. வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் மொழி, சர்வரில் ஹோஸ்டிங்காரர் வைத்திருப்பது. லாகின் செய்ததும் வரும் டேஷ்போர்டில் சிவப்பு எண்ணாக வராததால் இது பழசாவது யார் கண்ணிலும் படுவதில்லை. பிஎச்பி 7.4க்கான ஆதரவு 2022 நவம்பர் 28உடன் முடிந்துவிட்டது, இன்னும் அதிலேயே ஓடும் தளங்களைப் பார்க்கிறேன். வேர்ட்பிரஸின் சைட் ஹெல்த் என்ற பக்கத்தில் உங்கள் பிஎச்பி பதிப்பு தெரியும். ப்ளகின், தீம் எல்லாம் புதுசாக்கிய பிறகு மட்டும் ஹோஸ்டிங் பேனலில் இதை ஏற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் பழைய ப்ளகின்கள் புது பிஎச்பியில் உடையும்.

அப்புறம், பயன்படுத்தாத ப்ளகின். அணைத்து வைத்தால் போதும் என்று நினைப்பார்கள். அணைத்தாலும் அதன் கோப்புகள் சர்வரில்தான் கிடக்கின்றன, ஓட்டை இருந்தால் சில நேரம் அதன் வழியாகவும் வரலாம். அழித்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய ப்ளகினை இலவசமாகத் தருகிறேன் என்று உடைத்துப் பகிரும் இடங்களிலிருந்து எடுக்கவே வேண்டாம். அதற்கு முறையான அப்டேட் வராது, அதற்குள் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்றும் தெரியாது.

அண்ணாச்சி கடைசியில் சம்மதித்தார். ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். பேக்கப்பை அவர் பேரனின் லேப்டாப்பில் இறக்கி வைத்தோம். யாரும் பயன்படுத்தாத மூன்று ப்ளகினை அழித்ததும் 11 என்பது 8 ஆனது. மீதியை ஒவ்வொன்றாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அவரே தன் ஃபோனில் திறந்து, அரைக் கிலோ தேன் பாட்டிலின் பக்கம் சரியாக வருகிறதா என்று பார்த்தார். ஐந்தாவதில் படங்கள் ஒரு பக்கமாக நகர்ந்தன. முன்பு மகள் அமுக்கியபோது வந்த அதே கோளாறு. தீமில் அவள் நேராக எழுதியிருந்த பதினாறு வரிகளைப் பேக்கப்பில் தேடி எடுத்து, சைல்டு தீமில் வைத்தோம். பத்தரை மணிக்கு எண் 0.

ஒரு ப்ளகின் மட்டும் உறுத்துகிறது. தபால் செலவு கணக்கிடும் ப்ளகின் அது. அதற்கு அப்டேட்டே காட்டவில்லை, பார்த்தால் எழுதியவர் நான்கு வருடமாக அதைத் தொடவே இல்லை. அந்த வேலையைச் செய்யும் வேறு இரண்டை நகல் தளத்தில் போட்டு வைத்திருக்கிறேன். எடைக்கு ஏற்றபடி எது சரியாகக் கணக்கு சொல்கிறது என்று இந்த வாரம் அவர் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.